‘ஒடுங்கு’: ஒரே சொல்லை வைத்து நான்கு அகராதிகளை உரசிப் பார்த்தால்

ஓர் அகராதி நல்லதா என்று அறிய, தெரியாத சொல்லைத் தேடிப் பயனில்லை. தெரியாத சொல்லுக்கு அது என்ன சொன்னாலும் நம்ப வேண்டியதுதான். நன்றாகத் தெரிந்த, தினமும் வாயில் புழங்குகிற சொல் ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அகராதி எங்கே ஆழம் போகிறது, எங்கே மேம்போக்காகக் கடக்கிறது என்பது பிடிபடும். அப்படி ஓர் உரைகல்லாக ‘ஒடுங்கு’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். பயத்தால் உடல் சிறுத்துப்போவதைச் சொல்ல இதைவிடக் கச்சிதமான சொல் தமிழில் இல்லை. “அடி விழுமோ என்று மூலையில் ஒடுங்கி நின்றது குழந்தை” என்றால் தோள் உள்ளே போவதும், முழங்கை விலாவோடு ஒட்டுவதும், மூச்சு சின்னதாவதும் ஒன்றாகத் தெரிந்துவிடுகிறது.

ஆனால் இந்தச் சொல்லுக்குள் பயம் எங்கே இருக்கிறது? ஒடுக்கமான சந்தில் பயம் இல்லை. ஒட்டி ஒடுங்கிய கன்னத்தில் இருப்பது பசியோ நோயோதான். இந்தக் கேள்விக்கு ஒவ்வோர் அகராதியும் எவ்வளவு உதவுகிறது என்பதே இந்த மதிப்பீடு. பார்ப்பவை நான்கு: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பாவாணர் வழிவந்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி.

முதலில் பேரகராதி. 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-இல் முடிந்த பின்னிணைப்பு ஒன்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பெரும்பகுதிக்குப் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை. நூலாக வாங்கி வைக்க அலமாரியில் தனித் தட்டே வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதித் தளத்தில் முழுவதும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. தமிழோடு அன்றாடம் வேலை செய்கிற எவருக்கும் இணையத்தில் கிடைத்த மிகப் பெரிய கொடை இது என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்தத் தளத்தைப் பயன்படுத்துவதில் முதல் தடுக்கல் தேடும் இடத்திலேயே வரும். படித்த வரியிலிருந்து ‘ஒடுங்கிப்போனான்’ என்று அப்படியே எடுத்து ஒட்டினால் ஒன்றும் கிடைக்காது. பேரகராதி வினையை ஏவல் வடிவில் நிறுத்தி ‘தல்’ அல்லது ‘த்தல்’ சேர்த்துத் தருகிறது: ஒடுங்கு-தல். ஆகவே வரியில் உள்ள சொல்லை உரித்து அடிவரை போக வேண்டும். ‘போனான்’ துணைவினை, அதை எடுத்துவிடுங்கள். ‘ஒடுங்கி’யில் இகரத்தை நீக்கி உகரம் சேர்த்தால் ‘ஒடுங்கு’. நடுங்கி, அஞ்சி, குன்றி, பம்மி எல்லாம் இதே வழி. ‘வெருண்டான்’, ‘மிரண்டான்’ என்று வந்தால் கணக்கு வேறு: ‘ண்ட்’ இருக்கும் இடத்தில் ளகரத்தை வைத்தால் வெருள், மிரள். சங்கப் பாட்டில் ‘வெரீஇ’ என்று இருந்தால் பலரும் அதோடு கைவிட்டுவிடுகிறார்கள். அது ‘வெருவி’ என்பதன் அளபெடை வடிவம். ‘வெருவு’ என்று தேடினால் வந்துவிடும்.

அடுத்த தடுக்கல் எழுத்தில். சொல்லை ஒலிக்கிறபடி ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். பேரகராதியின் ஒலிபெயர்ப்பில் வல்லினம் எங்கே வந்தாலும் ஒரே எழுத்துதான். ‘ங்கு’ என்று நாம் மென்மையாக ஒலிப்பதற்கும் ‘க்கு’ என்று அழுத்துவதற்கும் அங்கே வேறு வேறு ககரம் கிடையாது. தமிழ் எழுத்திலேயே அடிப்பது நல்லது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டும்போது ‘கொ’ போன்ற எழுத்து சில வேளை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வந்துவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் தேடல் தோற்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஒட்டியதை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

பதிவு கிடைத்த பிறகு அதைப் படிக்கும் முறை ஒன்று இருக்கிறது. தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண், வினைவகை. ஒடுங்கு-தலுக்கு 5, அதாவது ‘ஓடு’ போல ‘இன்’ ஏற்று இறந்தகாலம் காட்டும் வகை. அதை அடுத்து, செயப்படுபொருள் குன்றிய வினை என்பதற்கான குறி. (நம் இலக்கணக்காரர்கள் இதற்கும் ‘குன்றிய’ என்றே பெயர் வைத்தது கவனிக்கத்தக்கது.) பிறகு சதுர அடைப்பில் தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றின் உறவுச்சொற்கள், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், மேற்கோள் என வரிசை. பொருளுக்குப் பின்னே ஆங்கிலச் சுருக்கக் குறி ஏதாவது இருந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது. சில குறிகள் அந்தப் பொருள் வின்சுலோவின் 1862 அகராதியிலிருந்து வந்தது என்கின்றன, சில யாழ்ப்பாண வழக்கு என்கின்றன, சில வட்டார வழக்கு என்கின்றன. வின்சுலோவின் குறி மட்டும் இருந்து இலக்கிய மேற்கோள் எதுவும் இல்லாவிட்டால், அந்தப் பொருளைப் பழைய பாட்டுக்கு ஏற்றிச் சொல்லும் முன் இன்னொரு சான்று தேடுவது முறை.

பயத்தைத் தேடிப் போகிறவர் பேரகராதியில் அடங்குதல், அமைதியாதல், சுருங்குதல், குறைதல், சோர்தல், முடிதல் என்ற குடும்பத்தைத்தான் முதலில் சந்திக்கிறார். அது அகராதியின் குறையன்று. சொல்லின் வரலாறே அப்படித்தான். பழைய தமிழில் இந்தச் சொல் பயத்துக்கு நேர் எதிரான இடத்தில்கூட வந்திருக்கிறது. குறள் 486:

ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து.

தகர் என்றால் ஆட்டுக்கடா. முட்டுவதற்கு முன் கடா நான்கடி பின்வாங்கும். பார்க்கிறவனுக்கு அது பயம் போலத் தெரியும், ஆனால் அங்கே சேர்வது வேகம். ஊக்கம் உள்ளவன் காலம் பார்த்து ஒடுங்கியிருப்பது அப்படிப்பட்டது என்கிறது குறள். ‘புலி பதுங்குவது பாய்வதற்கே’ என்று ஊரில் சொல்கிறோமே, அதே கண். பதுங்குவதும் ஒடுங்குவதும் உடல் எடுத்துக்கொள்ளும் வடிவங்கள். உள்ளே இருப்பது அச்சமா, குறியா, அடக்கமா என்பதைச் சொல் தானாகச் சொல்வதில்லை. சைவ சித்தாந்தத்துக்குப் போனால் இன்னும் விரிகிறது. சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் ‘ஒடுங்கி’ என்பது உலகம் தோன்றிய இடத்திலேயே மீண்டும் அடங்குவதைக் குறிக்கிறது. ‘ஒழிவிலொடுக்கம்’ என்று ஒரு நூலுக்கே பெயர். அங்கே ஒடுக்கம் அடையத்தக்க நிலை.

அப்படியானால் பயம் வந்தது எப்படி? கூட வரும் சொல்லால். “பயந்து ஒடுங்கி”, “நடுங்கி ஒடுங்கி”, “அஞ்சி ஒடுங்கி” என்று முன்னால் ஒரு வினையெச்சம் நின்று நின்று, அந்தப் பயம் ஒடுங்குதலின் மேல் ஒட்டிக்கொண்டது. இன்று முன்சொல்லை விட்டுவிட்டு “அப்படியே ஒடுங்கிட்டான்” என்றாலும் கேட்பவருக்குப் பயம் புரிகிறது. பேரகராதியில் இந்தப் பயணத்தை நேராகப் படிக்க முடியாது. மேற்கோள்களின் காலத்தை வரிசைப்படுத்தி நாமே ஊகிக்க வேண்டும். அதற்கான பொருட்கள் அங்கே இருக்கின்றன. அதுவே பெரிய உதவி.

பேரகராதியில் இன்னொரு வேலையும் செய்யலாம். ஒடுங்கு என்ற பதிவைப் பார்த்ததும் நிறுத்தாமல் ஒடுக்கு என்பதையும் பாருங்கள். பிறகு இந்த இணைகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு, சுருங்கு–சுருக்கு, மடங்கு–மடக்கு, பதுங்கு–பதுக்கு, ஒதுங்கு–ஒதுக்கு, நடுங்கு–நடுக்கு. மெல்லினம் வந்தால் தனக்கு நேர்வது, வல்லினம் இரட்டித்தால் பிறருக்கோ பிறிதொன்றுக்கோ செய்வது. இத்தனை சொற்களிலும் இடம் சிறிதாவதோ இயக்கம் குறைவதோ பொதுவாக இருக்கிறது, நடுங்கு மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. பயத்தில் சிறுத்துப்போவதைச் சொல்ல நாம் எடுக்கும் சொற்கள் பெரும்பாலும் இடப்பக்கத்து மெல்லினச் சொற்கள். அந்தப் பயத்தை உண்டாக்குகிறவனின் செயல் வலப்பக்கத்தில் இருக்கிறது: அடக்கு, ஒடுக்கு, முடக்கு. ஒடுக்குமுறை, ஒடுக்கப்பட்டோர் என்ற இன்றைய சொற்களின் கனம் இங்கிருந்துதான் வருகிறது. ‘ஒடுங்கியவர்’ என்று சொன்னால் அது அவருடைய நிலை என்று முடிந்துவிடும். ‘ஒடுக்கப்பட்டவர்’ என்றால் ஒடுக்கியவர் ஒருவர் வாக்கியத்துக்கு வெளியே நிற்பது தெரியும். இரண்டையும் மாற்றி எழுதுகிற கட்டுரைகளைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

பித்தளைக் குடம் கீழே விழுந்து வயிறு உள்ளே போனால் ‘ஒடுக்கு விழுந்துவிட்டது’ என்கிறோம். வண்டிக்கும் அதேதான், பட்டறையில் ‘ஒடுக்கு எடுப்பார்கள்’. ஒடுக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது: வெளியிலிருந்து ஒரு மோதல், உள்நோக்கி ஒரு குழி.

இனி பரோ–எமனோ அகராதி. 1961-இல் முதல் பதிப்பு, 1984-இல் திருத்திய இரண்டாம் பதிப்பு. இதுவும் அதே சிகாகோ தளத்தில் இலவசம். ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிட்ட பதிவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சொற்குடும்பம். ஒடுங்கு என்ற பதிவில் மலையாள ‘ஒடுங்ஙுக’வும் கன்னட ‘உடுகு’ம் ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம். மலையாளத்தில் அது முடிந்துபோதல், ‘ஒடுக்கம்’ என்றால் கடைசி. கன்னடத்தில் வலு உடுகிப்போனது என்றால் தெம்பு வற்றிவிட்டது என்று பொருள். மூன்று மொழியையும் பக்கத்தில் வைத்தால் அடிப்பொருள் தானே எழுந்து வருகிறது: இருந்தது குறைந்து குறைந்து இல்லாமல் ஆவது. தமிழில் குறைவது உடம்பின் பரப்பு, கன்னடத்தில் வலு, மலையாளத்தில் குறைதல் முற்றி முடிவே ஆகிவிட்டது.

இந்த அகராதியின் உண்மையான சுவை ஒலி ஒழுங்கில் இருக்கிறது. தமிழ் ஒடுங்குக்குக் கன்னடம் உடுகு. தமிழ் நடுங்குக்குக் கன்னடம் நடுகு. தமிழ் அடங்குக்குக் கன்னடம் அடகு, அங்கே அதற்கு ஒளிந்துகொள்வது என்று பொருள். நம் ‘ங்கு’ இருக்கும் இடத்தில் கன்னடத்தில் மெல்லினம் கழன்று தனிக் ககரம் நிற்கிறது. ஒரு சொல்லில் பார்த்தால் தற்செயல் என்று தள்ளலாம். மூன்றில் பார்த்தால் தள்ள முடியாது. சொற்பிறப்பு என்பது ஒத்த ஒலியைக் கண்டதும் முடிச்சுப் போடுகிற வேலையல்ல, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் மாற்றத்தைக் காட்டுகிற வேலை என்பதை இந்த அகராதியைப் போலப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிற நூல் வேறில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. பதிவுகள் தமிழ்ச் சொல்லோடு தொடங்குவது மொழிகளை அடுக்கிய வரிசையால். தமிழிலிருந்து மற்றவை பிறந்தன என்று அதற்குப் பொருள் இல்லை. இதைத் தவறாகப் படித்து எழுதிய கட்டுரைகள் எத்தனையோ. மூலத் திராவிட வடிவத்தையும் இந்த நூல் மீட்டுத் தருவதில்லை. உறவுச்சொற்களை ஒன்றுகூட்டித் தருவதோடு நிறுத்திக்கொள்கிறது. பொருள்கள் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் தந்தி போலச் சுருங்கிய ஆங்கிலத்தில். பயம், பீதி போன்ற வடமொழி வழிச் சொற்களை இங்கே தேட வேண்டாம், அவற்றுக்குப் பேரகராதிதான்.

க்ரியாவின் அகராதி முற்றிலும் வேறு வகை. 1992-இல் முதல் பதிப்பு, 2008-இல் விரித்த இரண்டாம் பதிப்பு, 2020-இல் மூன்றாம் பதிப்பு. சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அது எடுத்துக்கொள்வதே இல்லை. இன்று எழுதுகிறவர்கள் சொல்லை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை வாக்கியமாகக் காட்டுகிறது. தமிழில் விளக்கம், ஆங்கிலத்தில் நேர்ச்சொல், எடுத்துக்காட்டு வாக்கியம் என்ற அமைப்பு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உடனே கைகொடுக்கும். இலங்கை வழக்கைக் குறியிட்டுத் தருவது தனிச் சிறப்பு. ஈழத்தில் ‘வெருட்டு’ (பயமுறுத்து) இன்றும் உயிரோடு புழங்குவது தமிழ்நாட்டு வாசகர் பலருக்குத் தெரியாது. ஆனால் பழம்பாட்டு படிக்க இதை எடுக்கக் கூடாது. வெரூஉ, உட்கு போன்ற, அச்சத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுக்கு அது எழுதப்படவில்லை. விலையைப் பார்த்து மலைக்கிறவர்கள், எழுத்தே தொழிலாக இருந்தால் மலைக்க வேண்டாம்.

ஒடுங்கு, பதுங்கு, பம்மு, கூனிக்குறுகு ஆகியவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம் என்று நினைப்பவர்கள் தற்கால அகராதியின் எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். பதுங்க ஒரு மறைவு வேண்டும்: புதர், கதவு, கட்டிலடி. பார்க்கிற கண் ஒன்று எதிரே இருக்க வேண்டும். ஒடுங்க மறைவு வேண்டாம், திறந்த கூடத்தின் நடுவிலும் ஒருவர் ஒடுங்கலாம். பம்முவதில் பணிவும் கொஞ்சம் தந்திரமும் கலந்திருக்கும். கூனிக்குறுகுவதில் பயத்தைவிட அவமானம் கூடுதல், முதலில் வளைவது முதுகு. கூசுவது தோலுக்கும் கண்ணுக்கும் பல்லுக்கும் உரியது. அதனால்தான் ‘நாக்கூசாமல் பொய் சொன்னான்’ என்கிறோமே தவிர ‘நா ஒடுங்காமல்’ என்பதில்லை. ஈரக்குலை நடுங்குவது உள்ளே நடப்பது, வெளியே ஆள் அசையாமல்கூட நிற்கலாம். ‘சங்கோஜம்’ வடமொழிச் சங்கோசத்திலிருந்து வந்தது. அதற்கும் அடிப்பொருள் சுருங்குதல்தான். ஆனால் தமிழுக்கு வந்து கூச்சத்தோடு நின்றுவிட்டது, பயம் வரை போகவில்லை. இந்த வேறுபாடுகளில் பலவற்றை எந்த அகராதியும் ஒரே இடத்தில் அடுக்கித் தருவதில்லை. நான்கிலும் பொதுவான பெருங்குறை இதுதான்: பக்கத்துச் சொல்லோடு ஒப்பிட்டுக் காட்டும் குறிப்பு இல்லை.

செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி 1974-இல் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். 1981-இல் அவர் மறைந்த பிறகும் பணி தொடர்ந்தது. தொகுத்துள்ள சொல்வளமும் வழக்குகளும் மதிக்கத்தக்கவை. ஆனால் வேர் காட்டும் இடத்தில் வாசகர் கவனமாக இருக்க வேண்டும். பாவாணர் மரபு ஒரு சொல்லை ஓரசை வேர் வரை பின்னோக்கிக் கொண்டுபோகிறது. நடுவில் காட்டும் படிகளில் எது ஏட்டில் இருக்கும் சொல், எது கருதிக்கொண்ட வடிவம் என்று பிரித்துப் படிக்காவிட்டால் ஊகம் சான்றாகிவிடும். படி ஒவ்வொன்றையும் பேரகராதியில் தேடிப் பாருங்கள். இருந்தால் சரி. இல்லாவிட்டால் அது ஆசிரியரின் கருத்து என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ தளத்திலேயே பப்ரிசியசு, வின்சுலோ அகராதிகளும் உண்டு. பேச்சுவழக்குத் தொடர்களுக்குப் பப்ரிசியசு கைகொடுக்கும். விரிவாகப் பேச இங்கே தேவையில்லை.

எந்த வரிசையில் பயன்படுத்துவது? இன்றைய வாக்கியத்துக்குப் பொருள் வேண்டுமானால் க்ரியாவோடு நிறுத்திக்கொள்ளலாம். சொல்லின் வரலாறு வேண்டுமானால் பேரகராதியில் தொடங்கி, அங்கே சதுர அடைப்பில் கண்ட உறவுச்சொல்லோடு பரோ–எமனோவுக்குப் போய், மறுபடி பேரகராதிக்கே வந்து மேற்கோள்களை மூலநூலில் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். பேரகராதியின் மேற்கோள் பெரும்பாலும் அரையடித் துண்டு. முழுப் பாட்டைப் பார்க்காமல் ‘ஊக்க முடையான் ஒடுக்கம்’ என்ற துண்டை மட்டும் கண்டவர், அதே அடியின் கடைசியில் நிற்கும் ஆட்டுக்கடாவைத் தவறவிட்டிருப்பார். குறிப்பேட்டில் எழுதும்போது தலைச்சொல், நூல்பெயர், பாட்டு எண், முன்னால் நிற்கும் வினையெச்சம் என நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். ‘ஒடுங்கி’க்கு முன் ‘பயந்து’ இருக்கிறதா, ‘அடங்கி’ இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்பதில்தான் இந்தச் சொல்லின் கதை முழுக்க இருக்கிறது.

பேரகராதியின் மின்பதிப்பு ஐந்துக்கு ஐந்து பெறத் தகும், தேடும் முறையின் கெடுபிடிக்காக அரைப் புள்ளி குறைக்கிறோம். பரோ–எமனோவுக்கு நான்கரை, ஆங்கிலம் சரளமாக வராதவருக்கு அது மூன்றாகலாம். க்ரியாவுக்கு நான்கரை. அகரமுதலியின் சொல்தொகுப்புக்கு நான்கு, வேர்விளக்கத்துக்கு இரண்டு.